26-ஆம் தேதி வரும் மாமா

எங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் பலகாரத்தை மாமா 25-ஆம் தேதி தொடமாட்டார். 26-ஆம் தேதி காலை பத்து மணி வாக்கில் வருவார். அம்மா முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் தட்டில் கொண்டுவந்து வைப்பாள். "இன்னைக்கு இது வெறும் பலகாரம்தானேக்கா" என்று சொல்லிக்கொண்டே ஒன்றுக்கு நாலாக எடுத்துக்கொள்வார். இருபது வருடத்துக்கு மேலாக இப்படித்தான் நடக்கிறது. அம்மாவும் அவர் பங்கைத் தனி டப்பாவில் எடுத்து வைத்துவிடுவாள். அந்த டப்பாவில் 25-ஆம் தேதி வேறு யாரும் கைவைக்க முடியாது.

அதற்கு முன்பெல்லாம் எங்கள் வீட்டில் குடில் கட்டுவதே மாமாதான். டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் கேழ்வரகை ஊறவைத்து, கொட்டாங்கச்சிகளில் மண் போட்டு விதைத்து, ஈரத் துணியால் மூடி இருட்டில் வைப்பார். 24-ஆம் தேதி எடுத்தால் அரைச் சாண் உயரத்துக்கு வெளிர்ப்பச்சையாக நிற்கும். அதுதான் பெத்லகேம் புல்வெளி. சிமெண்ட் சாக்குக் காகிதத்தைக் கசக்கி, மைதாப் பசையில் முக்கி, கரித்தூளும் காவியும் பூசி மலை செய்வார். சூசையப்பர், மாதா, இடையர்கள், ஆடு, மாடு, கழுதை எல்லாம் சாயங்காலமே இடம் பிடித்துவிடும். பாலன் இயேசு சொரூபம் மட்டும் பீரோவுக்குள் பஞ்சில் சுற்றிக் கிடக்கும். நடுச்சாமப் பூசை முடிந்து வந்தபிறகுதான் முன்னணையில் வைக்கவேண்டும். மூன்று ராஜாக்களையும் உடனே குடிலுக்குள் விடமாட்டார். எதிர்மூலையில் டிவி பெட்டி மேல் நிறுத்தி, நாளுக்கு ஒரு முழமாக நகர்த்தி, ஜனவரி 6-ஆம் தேதிதான் வாசலில் கொண்டுசேர்ப்பார். அவ்வளவு கணக்கு.

அப்புறம் மாமா கத்தோலிக்கக் கோவிலை விட்டுவிட்டு, கிறிஸ்மஸ் கொண்டாடாத ஒரு சபைக்குப் போக ஆரம்பித்தார். அந்த வருடம் 24-ஆம் தேதி நான் தனியாக மலைக்குக் காவி பூசிக்கொண்டிருந்தேன். மாமா வந்து வாசற்படியிலேயே நின்றார். "மருமவனே, டிசம்பர் 25-ன்னு வேதத்துல எங்க இருக்கு, காட்டு பாப்போம்." எனக்குத் தெரியவில்லை. "இருக்காது. அது ரோமாபுரிக்காரன் சூரியனுக்குக் கொண்டாடுன நாளு. கூட்டம் சேக்கணும்னு பேரை மாத்தி வச்சுக்கிட்டான்." சொல்லிவிட்டுப் போய்விட்டார். போகும்போது கொட்டாங்கச்சியைப் பார்த்து, "தண்ணி ஜாஸ்தி, அழுகிரும்" என்றார். அழுகித்தான் போயிற்று.

கல்லூரிக்குப் போனதும் அதே வாக்கியத்தை நானும் சொல்ல ஆரம்பித்தேன். விடுதி அறையில், டீக்கடையில், டிசம்பர் வந்தால் போதும். மாமா அதைச் சொன்னது பண்டிகையைக் கண்டிக்க. நான் சொன்னது எனக்கு விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ள. இப்போது வாட்ஸப்பில் அதையே அனுப்புகிறவர்களுக்கு மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மூன்று கூட்டத்துக்கும் ஒரே வாக்கியம் இவ்வளவு வசதியாக இருக்கிறதே என்ற உறுத்தல் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது. வந்ததும், சரி, இதற்கு ஆதாரம்தான் என்ன என்று தேட ஆரம்பித்தேன். ஒரு ராத்திரி வேலை என்று நினைத்தேன். சில வருடங்கள் ஓடிவிட்டன.

பிறந்தநாள் கொண்டாடிய இருவர்

முதலில் தடுக்கி விழுந்த இடம் நான் எதிர்பார்க்காதது. எந்தத் தேதி என்று சண்டை போடுகிறோம். ஆனால் முதல் இருநூறு வருடத்துக்கு மேல் கிறிஸ்தவர்கள் எந்தத் தேதியிலும் அதைக் கொண்டாடியதாகவே தெரியவில்லை. அவர்கள் மனமெல்லாம் பாஸ்கா மேல்தான் இருந்தது: பாடும் மரணமும் உயிர்ப்பும். கி.பி. 200 வாக்கில் அலெக்சாந்திரியாவில் கிளமெந்து என்ற கிறிஸ்தவ ஆசிரியர் எழுதுகிறார்: சிலர் பிறந்த வருடம் மட்டும் போதாதென்று நாளையும் தேடுகிறார்களாம், எகிப்திய மாதக் கணக்கில் ஒரு சாரார் சொல்வது நமக்கு மே 20, இன்னொரு சாரார் சொல்வது ஏப்ரல் 19 அல்லது 20. அவர் குரலில், இவர்களுக்கு வேறு வேலையில்லையா என்கிற தொனி இருக்கிறது. டிசம்பர் 25 அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அவருக்கு அடுத்த தலைமுறையில் ஒரிகன் இன்னும் கடுமை. லேவியராகமத்தைப் பற்றிய ஒரு மறையுரையில், பரிசுத்தவான்கள் யாராவது தன் பிறந்தநாளைக் கொண்டாடியதாக வேதத்தில் உண்டா என்று கேட்கிறார். கொண்டாடியவர்கள் பாவிகள்தான்: ஒருவன் பார்வோன், இன்னொருவன் ஏரோது. பார்வோன் விருந்தில் சுயம்பாகிகளின் (சமையல்காரர்களின்) தலைவன் தூக்கில் தொங்கினான். ஏரோது விருந்தில் யோவான் ஸ்நானகன் தலை தட்டில் வந்தது. இதைப் படித்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். மாமாவுக்கு ஒரிகனைத் தெரியாது, தெரிந்திருந்தால் அன்றைக்கு வாசற்படியில் நின்று இதையும் சொல்லியிருப்பார்.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஒன்று புரிந்தது. அந்தக் காலத்துக் கிறிஸ்தவனுக்குப் பிறந்தநாள் என்ற சொல்லுக்கே பொருள் தலைகீழ். விசுவாசத்துக்காக வேதசாட்சி ஒருவர் கொல்லப்பட்ட நாளைத்தான் அவருடைய பிறந்தநாள் என்றார்கள். மோட்சத்தில் பிறந்த நாள். கல்லறையில் கூடி நினைவுகூர்ந்ததும் அன்றைக்குத்தான். அம்மா வயிற்றிலிருந்து வந்த நாளுக்கு அங்கே மதிப்பு கிடையாது. அப்படிப்பட்ட கூட்டம் ஒரு குழந்தை பிறந்த நாளைப் பெருவிழாவாக எடுக்க முடிவு செய்தது எப்போது, ஏன்? மாமாவின் கேள்வியைவிட இது பெரிய கேள்வியாக எனக்குப் பட்டது.

ஒரே புத்தகம், இரண்டு வரி

கி.பி. 354-ல் ரோமில் வாலன்டினுஸ் என்ற வசதியான கிறிஸ்தவருக்கு ஃபிலோகாலுஸ் என்கிற எழுத்துக்கலைஞர் ஒரு புத்தகம் செய்துகொடுத்தார். பஞ்சாங்கமும் டைரியும் சேர்ந்த மாதிரி ஒன்று. கிரகங்களின் படங்கள், அரசாங்க விடுமுறைகள், அதிகாரிகளின் வரிசை, ரோமாபுரி ஆயர்களின் பட்டியல், பாஸ்கா தேதிகள் எல்லாம் ஒரே கட்டில். மூலம் இன்று இல்லை. அதைப் பார்த்து எழுதிய பிரதி ஒன்று 17-ஆம் நூற்றாண்டு வரை இருந்து அதுவும் தொலைந்தது. நல்லவேளையாக அதற்குள் சிலர் படியெடுத்து வைத்திருந்தார்கள். நம் கையில் இருப்பது பிரதியின் பிரதி.

ஒரு ராத்திரி அதன் அச்சு வடிவத்தைத் திரையில் பெரிதாக்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரசாங்க நாட்காட்டியில் டிசம்பர் 25-க்கு நேரே ஒரு வரி: நத்தாலிஸ் இன்விக்தி, அதாவது வெல்லப்படாதவனின் பிறந்தநாள், முப்பது தேர்ப்பந்தயம். வெல்லப்படாதவன் என்பது சூரியனின் பட்டப்பெயர். 274-ல் அவுரேலியன் பேரரசர் ரோமில் கோவில் கட்டியது இந்தச் சூரியனுக்குத்தான். மாமா ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனால் வேதசாட்சிகளைப் புதைத்த நாட்களின் பட்டியல் வருகிறது. அதன் முதல் வரி: ஜனவரி முதல் தேதிக்கு எட்டாம் நாள் முன்பு, யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார். ரோமானியர் எண்ணும் முறையில் அதுவும் டிசம்பர் 25. இரண்டும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன, ஒன்றையொன்று பார்க்காமல்.

எது மூத்தது? இங்கேதான் ஒரு சின்னத் துப்பறிதல். வேதசாட்சிகள் பட்டியலுக்குத் துணையாக ஆயர்களின் நினைவுநாள் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. அது டிசம்பர் 27-ல் தொடங்கி, மாத வரிசையில் ஒழுங்காகப் போய், அடுத்த டிசம்பர் 8-ல் முடிகிறது. அதற்குக் கீழே வரிசையில் சேராமல் இரண்டு பெயர்: அக்டோபர் 7 மார்க்குஸ், ஏப்ரல் 12 யூலியுஸ். மொய் நோட்டில் கணக்கை முடித்துக் கோடு போட்டபிறகு தாமதமாக வந்தவர் பெயரை அடியில் எழுதுவோமே, அந்த மாதிரி. மார்க்குஸ் இறந்தது 336-ல், யூலியுஸ் 352-ல். ஒழுங்கான வரிசைக்குள் இருப்பவர்களில் கடைசியாக இறந்தவர் சில்வெஸ்டர், 335 டிசம்பர் 31. ஆக, இந்த இரண்டு பட்டியலையும் முதலில் எழுதியது சில்வெஸ்டர் போனபின், மார்க்குஸ் போவதற்குமுன். கிறிஸ்மஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் 336 என்ற வருடத்தைச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். வேதசாட்சிகள் பட்டியலே டிசம்பர் 25-ல் தொடங்குகிறது என்றால், ரோமாபுரிச் சபையின் வருடமே அன்றைக்குத்தான் தொடங்கியது; அப்படியானால் விழா அதற்கும் கொஞ்சம் முந்தியதாக இருக்கலாம்.

சூரியன் பக்கம் வருவோம். டிசம்பர் 25-ல் ரோமில் சூரியனின் பிறந்தநாளைக் கொண்டாடினார்கள் என்று எழுத்தில் நமக்குக் கிடைக்கும் முதல் சான்றே இந்த 354-ஆம் வருட நாட்காட்டிதான். அவுரேலியன் தன் கோவிலை அந்தத் தேதியில் திறந்தார் என்பதற்கு அந்தக் காலத்து எழுத்து ஏதுமில்லை. அதுமட்டுமல்ல, அதே நாட்காட்டியில் அக்டோபர் 19 முதல் 22 வரை சூரியனுக்குத் திருவிழா, கடைசி நாளில் முப்பத்தாறு பந்தயம். டிசம்பரைவிட ஆறு கூட. கூட்டத்தைப் பிடிக்கத்தான் திருடினார்கள் என்றால், இருப்பதில் பெரிய விழாவை விட்டுவிட்டுச் சின்னதையா திருடுவார்கள்? இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும்: ரோமானிய வழக்கில் குளிர்கால நாள் திருப்பம் டிசம்பர் 25 என்பது பழைய கணக்கு. சூரியன் திரும்பும் நாள் என்று ஊருக்கே தெரியும், அதற்குச் சபையும் கோவிலும் தேவையில்லை. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதை அந்த இரண்டு வரியை வைத்துச் சொல்ல முடியாது. இருபது வருடம் நான் டீக்கடையில் அடித்துச் சொன்ன விஷயம் இவ்வளவு மெல்லிய காகிதத்தில் நிற்கிறது.

அன்றைக்கு என்னைத் தூங்கவிடாதது இன்னொன்று. நாட்காட்டியில் நத்தாலிஸ் என்று முழுதாக எழுதவில்லை. ஒற்றை எழுத்தாகச் சுருக்கியிருக்கிறார்கள். அந்த நத்தாலிஸ்தான் போர்த்துகீசிய வாயில் நத்தால் ஆனது. கப்பலேறி இலங்கைக்கு வந்து நத்தார் ஆனது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் வருடாவருடம் "நத்தார் வாழ்த்துக்கள்" என்று எனக்கு அனுப்புகிறார். வெல்லப்படாதவனின் வரியில் ஒற்றை எழுத்தாக நிற்கும் அதே சொல்.

அந்தியோக்கியாவிலும் ஒரு மாமா

தேதியைத் திருடவில்லை, கணக்குப் போட்டார்கள் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். 1889-லேயே லூயி துஷேன் என்ற பிரெஞ்சு அறிஞர் சொன்னது அது. கிறிஸ்து சிலுவையில் மரித்தது மார்ச் 25 என்று தெர்த்தூலியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் காலத்திலேயே, கி.பி. 200 வாக்கில், மேற்கில் ஒரு நம்பிக்கை இருந்தது. கருவான நாளும் மரித்த நாளும் ஒன்று என்று வைத்துக்கொண்டால், மார்ச் 25-லிருந்து ஒன்பது மாதம் டிசம்பர் 25. சின்ன ஆசியாவில் சிலர் மரித்த நாளை ஏப்ரல் 6 என்று கணக்கிட்டார்கள். அதிலிருந்து ஒன்பது மாதம் ஜனவரி 6, கிழக்கின் பழைய விழா நாள். மாமா ராஜாக்களைக் குடிலுக்குள் விட்ட அதே நாள். ஒரே சாவி இரண்டு பூட்டைத் திறப்பதால் எனக்கு இது பிடித்திருக்கிறது. 5-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆயர் அகுஸ்தினார் இதை வெளிப்படையாகவே எழுதுகிறார்: கருவானதும் மரித்ததும் மார்ச் 25, பிறந்தது டிசம்பர் 25. ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. விழா தொடங்கிய காலத்து ஆள் ஒருவர்கூட "நாங்கள் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் தொடங்கினோம்" என்று எழுதிவைக்கவில்லை. முதலில் விழா வந்து, கணக்கு பின்னால் வந்திருக்கலாம். சாய்வு கணக்குப் பக்கம்தான், சத்தியம் செய்யமாட்டேன்.

கணக்குப் போட்டுக் காட்டவேண்டிய நிர்ப்பந்தம் ஏன் வந்தது என்பதை அந்தியோக்கியா என்ற கிழக்கத்தி நகரில் பார்க்கலாம். 386 டிசம்பர் 25, யோவான் கிறிசோஸ்தோம் என்ற குரு கூட்டத்துக்கு முன் நிற்கிறார். இந்த நாள் நமக்குத் தெரியவந்து பத்து வருடம்கூட ஆகவில்லை என்று அவரே சொல்கிறார். ஊருக்குள் பேச்சு இரண்டாக இருக்கிறது: ஒரு சாரார் இது புதிதாக நுழைத்தது என்கிறார்கள், இன்னொரு சாரார் மேற்கில் எப்போதோ இருந்தது என்கிறார்கள். படித்துக்கொண்டே வந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கூட்டத்தில் யாரோ ஒரு மாமா எழுந்து, வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்! அதற்குத்தான் இந்தப் பிரசங்கமே.

கிறிசோஸ்தோம் மூன்று பதில் வைத்திருந்தார். விழா இவ்வளவு வேகமாகப் பரவியதே அது மெய் என்பதற்கு அடையாளம் என்பது முதலாவது. எந்த வாட்ஸப் செய்திக்கும் இது பொருந்தும், விடுங்கள். ரோமில் குடிமதிப்பு ஆவணங்கள் இருக்கின்றன, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் மாமாவுக்கு நேர் பதில், வேதத்திலிருந்தே. யோவான் ஸ்நானகனின் தகப்பன் சகரியா ஆலயத்தில் தூபம் காட்டியது, பிரதான ஆசாரியன் மட்டுமே உள்ளே போகும் பாவநிவாரணப் பண்டிகையில், அது செப்டம்பர் வாக்கில். அதன்பின் அவன் மனைவி எலிசபெத்து கருவுற்றாள். ஆறாம் மாதத்தில் மரியாளுக்கு தேவதூதன் வந்தான், அது மார்ச். அதிலிருந்து ஒன்பது மாதம். அழகாகத்தான் வருகிறது. ஆனால் லூக்கா நற்செய்தியைத் திறந்து பார்த்தால் சகரியா பிரதான ஆசாரியன் இல்லை. அபியா வகுப்பைச் சேர்ந்த சாதாரண ஆசாரியன், சீட்டு விழுந்ததால் தூபம் காட்ட உள்ளே போனவன். செப்டம்பர் என்ற முதல் படியே ஆடுகிறது. வேதத்தைக் கரைத்துக் குடித்த மனிதர் இதில் இடறியிருக்கிறார் என்றால், விழாவின் மேல் அவருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கவேண்டும்.

எல்லா ஊரும் அந்தியோக்கியாவைப் போல மசியவில்லை. எருசலேம் 6-ஆம் நூற்றாண்டு வரை ஜனவரி 6-ஐ விட்டுக்கொடுக்கவில்லை. ஆர்மீனியர்கள் இன்றுவரை விடவில்லை. பிறப்பும் திருமுழுக்கும் சேர்த்து ஒரே நாளில் கொண்டாடுகிறார்கள்.

மாமாவின் முன்னோர்கள்

அப்படியானால் மாமாவின் வாக்கியம் எங்கிருந்து வந்தது? தேடிப் போனால் அதற்கும் ஒரு வம்சாவளி இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோனீசியுஸ் பார் சலிபி என்ற சிரியாக் ஆயரின் நூல் பிரதி ஒன்றில், ஓரத்தில் யாரோ குறித்து வைத்திருக்கிறார்கள்: டிசம்பர் 25-ல் சூரியனின் பிறந்தநாளுக்கு விளக்கேற்றுவது புறமதத்தார் வழக்கம், கிறிஸ்தவர்களும் அதில் போய்ச் சேர்ந்துகொண்டதால் குருமார்கள் விழாவை அந்த நாளுக்கு மாற்றினார்கள் என்று. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் சான்று இது. நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு எண்ணூறு வருடம் பிந்தியது. எழுதியவருக்கு ஜனவரி 6-தான் சரியான நாள். எதிர்க்கட்சிக்காரர் சாட்சியம்.

அப்புறம் பியூரிட்டன்கள், 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கண்டிப்பான புராட்டஸ்டன்டுகள். 1647-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்மஸைத் தடை செய்தது. அந்த டிசம்பரில் கேன்டர்பரியில் கலவரம். கடலுக்கு அப்பால் மாசசூசெட்ஸில் 1659-ல் ஒரு சட்டம்: அன்றைக்கு வேலைக்குப் போகாமல் விருந்து சாப்பிட்டால் ஐந்து ஷில்லிங் அபராதம். 1681-ல்தான் எடுத்தார்கள். வேதத்தில் இல்லை, புறமதத்திலிருந்து வந்தது என்று மாமா சொன்ன இரண்டையும் அவர்கள் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். இது தெரிந்தபிறகு மாமா மேல் எனக்கு மரியாதை கூடியது. வாசற்படியில் நின்றவர் தனியாள் இல்லை.

மாமா பக்கத்துக்கு வலுவான சாட்சி ஒருவர் உண்டு, அவர் பாப்பரசர் என்பதுதான் வேடிக்கை. சிங்கராயர் என்று நாம் பெயர் வைக்கிறோமே, அந்த முதலாம் லியோ. 5-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஒரு கிறிஸ்மஸ் மறையுரையில் அங்கலாய்க்கிறார்: ஜனங்கள் பேதுரு கோவிலின் படிகளில் ஏறி, மேலே போய் நின்று, உள்ளே நுழைவதற்கு முன் திரும்பி உதிக்கிற சூரியனுக்குத் தலைவணங்குகிறார்கள் என்று. அவர்கள் கிறிஸ்தவர்கள்தான், பூசைக்கு வந்தவர்கள்தான். முதுகுப் பக்கம் வெளிச்சம் பட்டதும் உடம்பு தானாகத் திரும்பியிருக்கிறது. தேதி சூரியனிடமிருந்து வந்ததோ இல்லையோ, அந்தப் படியில் நின்றவர்களுக்கு இரண்டும் ஒட்டித்தான் இருந்தது. மல்கியா தீர்க்கதரிசி சொன்ன நீதியின் சூரியன் என்ற பெயரைக் கிறிஸ்துவுக்குச் சூட்டிப் பாடாத சபை உண்டா? மாமாவின் சபையிலும் பாடுகிறார்கள், தெருவரைக்கும் கேட்கிறது.

குடிலையும் விடவில்லை நான். 1223-ல் கிரெச்சோ என்ற மலைக்கிராமத்தில் அசிசி பிரான்சிஸ் வைக்கோல் போட்ட முன்னணையும், உயிருள்ள மாடும் கழுதையும் வைத்து நடுச்சாமப் பூசைக்கு ஏற்பாடு செய்தார். குடிலின் கதையை அங்கிருந்துதான் சொல்வார்கள். மாடும் கழுதையும் நற்செய்தியில் எங்கும் இல்லை, பழைய ஏற்பாட்டு ஏசாயாவில் இருக்கின்றன. மாடு தன் எஜமானை அறியும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையை அறியும், ஜனங்கள்தான் அறியவில்லை என்று திட்டுகிற வசனம். திட்டில் வந்த இரண்டு பிராணிகள் எங்கள் வீட்டு வைக்கோலில் படுத்திருக்கின்றன. கழுதைக்கு ஒரு காது உடைந்து வருடக்கணக்காகிறது.

போன டிசம்பரில் மாமாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரிகனுக்கு ரொம்ப சந்தோஷப்பட்டார். 336 கணக்கை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். சிங்கராயரைச் சொன்னதும் "பாத்தியா" என்றார். அப்புறம் ரஷ்யாக்காரர்களுக்கு ஜனவரி 7 என்றும், எருசலேமில் இருக்கும் ஆர்மீனியர்கள் பழைய காலண்டர்படி போவதால் அவர்களுக்கு ஜனவரி 19 என்றும் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப 26-ந்தேதியும் நடுவுலதான் வருது."

"ஆமா மாமா."

"ஜனவரி 20 வரைக்கும் முந்திரிக்கொத்து தாங்குமான்னு அக்காட்ட கேளு."

கேட்டேன். அம்மா பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தாங்காது. எப்பவும் போல வரச் சொல்லு."

வந்தார். குடிலைக் குனிந்து பார்த்துவிட்டு, தண்ணீர் இந்த வருடம் பத்தவில்லை என்றார்.